எடைமேடை அக்கா போட்ட அணி

எடைமேடை அக்காவின் நினைவுக்கு வியாபாரிகள் சங்கம் போட்ட விலை, பேரமெல்லாம் முடிந்து, எட்டாயிரத்து நானூறு. பேச்சு ஆரம்பித்தது பன்னிரண்டாயிரத்தில். மூன்றடிக்கு நாலடி படம், அதற்கு மரச்சட்டம், ஒலிபெருக்கி, நூறு பேருக்குத் தேநீர் என்று தலைவர் வாசிக்க வாசிக்க, உறுப்பினர்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சட்டம் போடும் கண்ணாடிக்கடைக்காரர் தன் லாபத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். வருடம் முழுக்க அவர் சொல்கிற வசனம் அது, யாரும் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கு உண்மையாகவே விட்டிருந்தார். நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாற்காலிக்குக் காசு எழுதாதீங்க. அக்கா உயிரோட இருந்தப்ப என்கிட்ட ஒரு ஸ்டூல்கூடக் கேட்டதில்ல," என்றார். அதற்குப் பிறகு யாரும் எதையும் குறைக்கவில்லை.

"சரி, நினைவுக் கூட்டத்துல பேசுறது யாரு?" என்றார் தலைவர். தானிய மண்டி வைத்திருப்பவர். நாலு தெரு கேட்கிற குரல். ஆனால் அவரே தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டார்.

அரைக் காசுக்காக அரைமணி நேரம் பேசுகிற கூட்டம் அது. அன்றைக்கு ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைக் கைகாட்டினார்கள்.

"பூட்டுக்கடை அண்ணே, நீங்க பேசுங்களேன். அக்கா அதிகமாத் திட்டினது உங்களைத்தான்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

பூட்டுக்கடைக்காரர் மாட்டேன் என்று கையை ஆட்டினார். ஆட்டும்போதே அவர் கண் எதிர்மூலைக்குப் போய் வந்தது. அங்கே மின்விசிறிக்குக் கீழே பைப்புக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பைப்புக்கடைக்காரர் வேறு யாருமில்லை, பூட்டுக்கடைக்காரரின் கூடப் பிறந்த தம்பி. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேருக்கும் நடுவில் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

அப்படிச் சொல்வதும் சரியில்லை. பேச்சு இருந்தது. தினமும் காலையில் ஒரு மணி நேரம், அக்காவின் தயவில். அக்கா போய்விட்டார். இனி அந்தப் பேச்சுக்கு என்ன வழி என்பதுதான் பூட்டுக்கடைக்காரரின் கவலை. அதை ஒலிபெருக்கியில் சொல்ல முடியுமா?

அக்கா இந்தச் சந்தைக்கு வந்தபோது வயது இருபத்துநாலு. வந்த அன்றே எடைமேடை அறையின் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். அவ்வளவு உயரம். மூட்டை தூக்குகிறவர்கள் ஒரே நாளில் 'கொடிக்கம்பம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் முகத்துக்கு நேரே 'அக்கா' ஆகிவிட்டது. அறுபது வயதுக் கிழவர்களுக்கும் அக்காதான்.

கல்லூரியில் அவர் வாலிபால் அணித்தலைவி. உயரத்தைப் பார்த்து வலைக்கு முன்னால் நிறுத்தி, பந்தை அடி என்றார்களாம். இவரோ, அடிக்க மாட்டேன், எடுத்துக் கொடுக்கிறேன் என்று அடம்பிடித்து அந்த இடத்தை வாங்கினாராம். "அடிக்கிறவளுக்குக் கைதட்டல், எடுத்துக் குடுக்கிறவளுக்கு விரல் வீக்கம். ஆனா எவ அடிக்கணும்னு முடிவு பண்றது யாரு? நான்தானே?" என்பார். வலது கைச் சுண்டுவிரல் அந்தக் காலத்தில் உடைந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அந்தக் கோணல் விரலால்தான் பிற்பாடு முப்பத்தொன்பது வருடம் லாரிகளின் எடையைச் சுட்டிக்காட்டினார். படிப்பு முடிந்தபோது வீட்டுக்குச் சம்பளம் தேவைப்பட்டது. விளையாட்டுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, எடைமேடை தந்தது. அதைப் பற்றி அவர் குறைபட்டு யாரும் கேட்டதில்லை.

எடைமேடை என்பது தரையோடு தரையாகப் பதித்த பெரிய இரும்புத் தகடு. சரக்கோடு லாரி அதில் ஏறி நிற்கும்; ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரி ஏறும், இன்னொரு எடை. கழித்தால் சரக்கு. கேட்க எளிது. ஆனால் முதல் தடவை ஏறும்போது டிரைவரும் கிளீனரும் அவர்களுடைய சொந்தக்காரர் இருவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் தடவை நாலு பேரும் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். அக்கா வந்த பிறகு அது நடக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்ப்பா, வெங்காயத்தோட உன்னையும் சேர்த்தா விக்கிற? கிலோ என்ன வெல?" என்று ஒரு கேள்வி. சுற்றி நிற்கிறவர்கள் சிரித்து முடிப்பதற்குள் டிரைவர் இறங்கியிருப்பார். இரண்டு வருடத்தில், 'அக்கா சீட்டு' என்றால் வாங்குகிறவரும் விற்கிறவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை என்றாகிவிட்டது. அதற்கு முன் எடைச் சண்டைக்கென்றே ஒரு வக்கீல் சந்தை முனையில் அறை எடுத்திருந்தார். அவர் காலி செய்துகொண்டு போனார். போகும்போது அக்காவைத்தான் சபித்துவிட்டுப் போனார். அதை அக்கா நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டார்.

விடிகாலை லாரிகள் போய்விட்டால் கடை திறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் எடைமேடைத் திடல் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற இடம் எந்த வியாபாரிக்கும் கண்ணை உறுத்தும். அக்காவுக்கு வேறு மாதிரி உறுத்தியது. தார்ப்பாய்க் கடைக்காரரிடம் ஒரு வலை தைக்கச் சொல்லி, விளக்குக் கம்பத்துக்கும் அறையின் ஜன்னல் கம்பிக்கும் நடுவே கட்டினார். முதலில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். பிறகு கணக்கு எழுதும் பெண்கள். பிறகு டிரைவர்கள். கடைசியாக முதலாளிகள். தலைவரை அரைக்கால் சட்டையில் பார்த்த அன்று சந்தையே கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அவர் சொல்கிற விலையை யாரும் முன்புபோல் பயந்து கேட்பதுமில்லை.

எடைச்சீட்டுப் புத்தகத்தின் பின்அட்டையில் அக்கா எல்லா ஆட்டக்காரர்களின் ரத்த வகையையும் எழுதி வைத்திருந்தார். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்று தகவல் வந்தால் வாசலுக்கு வந்து விசில் ஊதுவார். ஆட்டம் நடந்தால் ஆட்டம் நிற்கும். வியாபாரம் நடந்தால் வியாபாரம் நிற்கும். முதலாளியும் கூலியும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போவார்கள். இப்படிப் பிழைத்தவர்கள் சந்தையில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. அக்கா எண்ணவிடவில்லை.

அவருடைய ஆட்டத்தில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, சண்டை போட்டவர்கள் ஒரே பக்கம் ஆட வேண்டும். எதிரெதிராக விட்டால் பந்தால் அடித்துக்கொள்வார்கள், அது ஆட்டமா என்பார். இரண்டு, பந்தைத் தொடப்போகிறவர் 'எனக்கு' என்று கத்த வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் பதில் சொல்ல வேண்டும். கத்தாமல் தொட்டாலும், பதில் வராமல் போனாலும் புள்ளி எதிராளிக்கு.

இந்தச் சட்டத்தில்தான் அண்ணனும் தம்பியும் மாட்டினார்கள்.

அவர்கள் பிரிந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அப்பாவின் ஹார்டுவேர் கடையைப் பங்கு பிரித்த அன்று, ஆளுக்கொரு பெட்டி என்று மாறி மாறி எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பெட்டிக்குள் என்ன என்று கேட்டால் ஆசை தெரிந்துவிடும்; ஆசை தெரிந்தால் பேரம் போச்சு. அதனால் இருவரும் திறந்தே பார்க்கவில்லை. மாலையில் அண்ணன் திறந்தால் பன்னிரண்டு டஜன் பூட்டு, எல்லாம் பூட்டியபடி. சாவிகளைத் தொழிற்சாலைக்காரன் தனிப்பெட்டியில் அனுப்பியிருந்தான். அந்தப் பெட்டி தம்பியிடம்.

"சாவியைக் குடு," என்றார் அண்ணன்.

"வெல சொல்லவா?" என்றார் தம்பி. பாதி விளையாட்டுக்குத்தான் கேட்டார்.

"என் பூட்டுக்கு என்கிட்டயே வெலயா?"

"உன் பூட்டுன்னா, சாவி ஏன் என் பெட்டியில இருக்கு? பூட்டை நீ எனக்கு வித்துடு."

அவ்வளவுதான். இருவரும் ஒரே அப்பாவிடம் தொழில் படித்தவர்கள். இறங்கிவரும் பாடத்தை மட்டும் அவர் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூட்டு சுவருக்கு இந்தப் பக்கமும் சாவி அந்தப் பக்கமும் தூசி படிந்து கிடந்தன. பெண்டாட்டிகள் இருவரும் கொல்லைப்புறமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த வழியாக வரும் செய்தி, அண்ணனுக்குக் கைமாறி வந்த பழைய சாமான் மாதிரி இருந்தது.

இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒரு நாள் தம்பி கடைக்குப் போய், "பழைய பித்தளை இருந்தா எடைக்குப் போடு," என்று சாவிகளை வாங்கினார். நேரே பக்கத்துக் கடைக்கு வந்து அதே விலைக்கு அண்ணனிடம் கொடுத்தார். ஒரு மாதத்தில் பூட்டெல்லாம் விற்றுத் தீர்ந்தது. சண்டைக்குக் காரணமும் தீர்ந்தது. சண்டை மட்டும் அப்படியே இருந்தது. "பூட்டைத் திறந்துட்டேன், இவனுங்க வாயைத் திறக்க முடியலியே," என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகும் இரண்டு வருடம் பார்த்துவிட்டு, ஒரு காலையில் இருவரையும் திடலுக்கு வரவழைத்து, ஒரே அணியில், பின்வரிசையில், பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

முதல் நாள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. பந்து வந்து நடுவில் விழும். இருவரும் அதைப் பார்ப்பார்கள். இருபத்தைந்துக்கு நாலு என்று தோற்றார்கள். கூட ஆடிய மூட்டைக்காரர்கள், "நீங்க ரெண்டு பேரும் கடையைச் சாத்துனா எங்களுக்கு என்ன, எங்க புள்ளியை ஏன்யா சாத்துறீங்க?" என்று கத்தினார்கள். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் நாள் உயரமாக ஒரு பந்து வந்தது. தம்பி தன்னை மறந்து "எனக்கு!" என்றார். அண்ணன் தன்னை மறந்து "உனக்கு!" என்றார். பந்து அழகாக எழும்பிப் போனது. வலைக்கு அருகே நின்ற அக்கா அதை எடுத்துக் கொடுக்க மறந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு இவர்களையே பார்த்தார்.

"என்னை எதுக்கு அவன்கூடக் கட்டிப்போடுறீங்க?" என்று அன்றைக்கு அண்ணன் எடைமேடை அறைக்கே போய்ச் சண்டை பிடித்தார். அக்கா சீட்டுப் புத்தகத்தை மூடினார்.

"எங்க காலேஜ் ஃபைனல்ல கடைசிப் பந்து ரெண்டு பேருக்கு நடுவுல விழுந்துச்சு. யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரு வாரமாப் பேச்சு இல்ல. ஒரு சீப்புக்குச் சண்டை."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"ஒருத்தி நான்."

"அப்புறம் சமாதானம் ஆனீங்களா?"

"அவ கல்யாணமாகி எங்கயோ போயிட்டா. விலாசம்கூடத் தெரியல. கோப்பை போனது போகட்டும். அந்தச் சீப்பு என்கிட்டயே இருந்துச்சு, தெரியுமா? என் பெட்டிக்கு அடியில." அக்கா கோணல் விரலால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். அங்கே தம்பி தன் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "உன் ஆளு விலாசம் உனக்குத் தெரியும். நாளைக்கு நேரத்துக்கு வா."

ஏழு வருடம் வந்தார். மழையிலும் வந்தார். 'எனக்கு', 'உனக்கு', 'விடு', 'வெளிய', 'பின்னாடி' என்று ஐந்தே வார்த்தைகள் கொண்ட உறவு அது. மோசமான நாளில் நாலு வார்த்தை கிடைக்கும். நல்ல நாளில் பத்தைத் தாண்டும். எண்ணுவது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் மனசுக்குள் எண்ணினார். ஒரு நாள் தம்பியின் 'விடு' அடித்தொண்டையிலிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. ஆட்டம் முடிந்ததும் அண்ணன் அக்காவிடம் போய், "அவனுக்கு உடம்பு சரியில்ல," என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பியை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆபத்து என்றார்களாம். யார் சொல்லித் தெரிந்தது என்று தம்பி கேட்டதற்கு, "உன் குரலை எடை போடுற ஆள் ஒருத்தர் இருக்காரு," என்றாராம் அக்கா. பெயர் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

நினைவுக் கூட்டத்தில் கடைசியில் எல்லாரும் பேசினார்கள். யார் பேசியதும் முழுதாக முடியவில்லை. தலைவர் மூன்றாவது வாக்கியத்தில் உடைந்தார். ஒரு லாரி டிரைவர் மேடையேறி, "அக்கா என்னைப் பதினாலு தடவை இறக்கிவிட்டிருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல். நூறு பேருக்குச் சொன்ன தேநீர் அறுநூறு பேருக்குப் போதவில்லை. படத்தில் அக்கா சட்டத்துக்குள் அடங்காமல், தலையைக் குனியலாமா என்று யோசிப்பவர்போல் இருந்தார். பூட்டுக்கடைக்காரர் பேசவில்லை. பைப்புக்கடைக்காரரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் எல்லாரும் திடலுக்கு வந்திருந்தார்கள். வலை இருந்தது. பந்து இருந்தது. அணி பிரிக்க ஆள் இல்லை. கொஞ்ச நேரம் செருமிக்கொண்டு நின்ற பிறகு, தலைவரும் தார்ப்பாய்க் கடைக்காரரும் ஆளுக்கொருவராக எடுக்க ஆரம்பித்தார்கள்.

"பூட்டுக்கடை அண்ணே, நீங்க என் பக்கம்," என்றார் தலைவர்.

தார்ப்பாய்க் கடைக்காரர் உடனே, "அப்ப பைப்புக்கடை என் பக்கம்," என்றார். குரலைத் தாழ்த்தி, "பாவம், இனிமேலாவது ரெண்டு பேரும் நிம்மதியா ஆடட்டும்," என்றும் சேர்த்துக்கொண்டார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

தம்பி ஒன்றும் சொல்லாமல் வலைக்கு அந்தப் பக்கம் போனார். அண்ணனும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? சந்தையில் முதலில் வாயைத் திறக்கிறவர்தான் இறங்க வேண்டியவர். பதினோரு வருடமாக இருவரும் காத்த கடை அது. அவன் கேட்கட்டும் என்று இவர் நின்றார். இவர் கேட்கட்டும் என்று அவர் நின்றிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது பந்து வலையைத் தாண்டி உயரமாக அந்தப் பக்கம் போனது.

"எனக்கு!" என்றார் தம்பி.

"உனக்கு!" என்றார் தார்ப்பாய்க் கடைக்காரர்.

பூட்டுக்கடைக்காரர் பந்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். ஏழு வருடமாக அந்த 'எனக்கு' இவருடைய சரக்கு. தினமும் இவர் வாசலில் வந்து இறங்கியது, இன்றைக்கு இவர் கண்ணெதிரில் இன்னொருவர் கடைக்குப் போகிறது. நாளைக்கும் போகும். நாளை மறுநாளும். பிறகு ஒரு நாள் அந்தக் குரல் கரகரத்தால் தார்ப்பாய்க் கடைக்காரருக்கு அது தெரியுமா? அந்த ஆளுக்குத் தன் கடை மணியே காதில் விழாது!

பந்து அவர் தோளில் பட்டு எங்கோ உருண்டது. அவர் கவனிக்கவில்லை.

"என்னண்ணே, தூங்குறீங்களா?" என்றார் தலைவர்.

"என்னை அந்தப் பக்கம் போடுங்க."

"எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்தான்யா."

"அங்க ஆள் சரியா இருக்கே. ஏன், என் பக்கத்துக்கு என்ன கொறச்சல்?"

நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டைக்காரர்கள், கணக்கெழுதும் பெண்கள், அவரிடம் கடன் வாங்கியவர்கள், அவர் கடன் வாங்கியவர்கள். பூட்டுக்கடைக்காரர் தலைவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி பக்கத்துல போடுங்க. தம்பி பக்கத்துல இல்லாம எனக்கு ஆட வராது."

தம்பி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து சந்தை கேட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. தலைவர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் எடுத்துவிட்டார். தார்ப்பாய்க் கடைக்காரர் வலைக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்து நின்றார். பூட்டுக்கடைக்காரர் அந்தப் பக்கம் போனார். போகிற அந்தப் பதினைந்தடி தூரமும், எதிரே நிற்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்படியே நடந்து வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்திருந்தார்.

தம்பி முகத்தைத் திருப்பவில்லை. பந்தை இடுக்கியபடி, இவரை விட்டுவிட்டு இவருடைய காலைப் பார்த்தார்.

"அண்ணே, இடது பக்கம் நில்லு. உனக்கு வலது முட்டி ஆகாது."

முட்டி வலியைப் பெண்டாட்டியிடம்கூட அவர் சொன்னதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதினோரு வருடத்துச் சரக்கும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. பேசாமல் போய் இடது பக்கம் நின்றார். தலைவர் விசில் ஊதினார்.

பக்கத்தில் நின்றால் மட்டும் ஆட்டம் வந்துவிடுமா? வரவில்லை. அன்றைய கணக்கு: ஆட்டம் இருபத்தைந்துக்குப் பதினெட்டு, தோல்வி. ஆட்டத்துக்குள் தம்பி சொன்னது பதினான்கு வார்த்தை, அண்ணன் சொன்னது பதினான்கு, நேர். ஆட்டத்துக்கு வெளியே தம்பி கொடுத்தது எட்டு வார்த்தை, அண்ணன் திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. எட்டும் பாக்கி.